தமிழ் லெக்சிகனில் பகைவரைத் தேடியபோது

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும் 1939இல் ஒரு பின்னிணைப்பாகவும் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னூலகம் கட்டணமின்றி இணையத்தில் வைத்திருக்கிறது. ஓர் அகராதியின் தரத்தை அறிய ஒரே பொருளுடைய பல சொற்களை அதில் தேடிப் பார்ப்பது என் வழக்கம். இம்முறை பகைவனைக் குறிக்கும் சொற்களை எடுத்துக்கொண்டேன்.

'பகை' என்பதற்கு அடி 'பகு'. பிளவுபடுதலிலிருந்தே வெறுப்பு என்னும் பொருள் கிளைத்திருக்கிறது. அதே மின்னூலகத்திலுள்ள பரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியையும் உடன் வைத்துப் பார்ப்பவருக்கு, மலையாளத்தின் 'பக'வும் முதலெழுத்துத் திரிந்த கன்னட 'ஹகெ'யும் இதே குடும்பம் என்பது விளங்கும். 'சத்துரு', 'வைரி', 'விரோதி' மூன்றும் வடமொழிவழி வந்தவை. 'எதிரி' எதிரே நிற்பவன் மட்டுமே, நீதிமன்ற வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவரை 'முதல் எதிரி' என்று எழுதும்போது அதில் பகைமை ஏதுமில்லை.

என்னை நெடுநேரம் நிறுத்திவைத்தவை ஒன்னார், நண்ணார், மேவார், கூடார், ஒட்டார் என, ஒன்றாதவர், நெருங்காதவர், சேராதவர் என்று பொருள்படும் எதிர்மறைச் சொற்களே. 'செறு' (சினத்தல்) என்பதிலிருந்து வந்த 'செறுநர்' என்ற சொல்லில் சினம் இருக்கிறது. இவற்றிலோ சினமும் இல்லை, படையும் இல்லை, வந்து சேராமை ஒன்றே பகைமையாகக் கொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் அகராதி இவற்றை அகர வரிசையில் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பெரும்பாலும் 'பகைவர்' என்ற ஒரே பொருளோடு முடித்துவிடுகிறது. ஆங்கிலப் பொருளும் உடன் தரப்பட்டிருப்பதால், முழுப் பதிவுகளிலும் தேடும் வசதியைக் கொண்டு ஓர் ஆங்கிலச் சொல்லாலேயே இவற்றை ஒன்றுதிரட்டிவிடலாம்; அச்சுத் தொகுதிகளில் இது நாள்கணக்கான வேலை.

எனினும் சொல்லின் நுட்பத்தை அறிய மூலநூலுக்கே போக வேண்டியிருக்கிறது. தொழுத கைக்குள்ளும் ஆயுதம் ஒளிந்திருக்கும் என்று எச்சரிக்கும் குறள், கூடா நட்பு அதிகாரத்தில், பகைவரை 'ஒன்னார்' என்கிறது. அருகில் வந்து, கைகூப்பி, கண்ணீரும் விடுகிறவரை வள்ளுவர் ஒன்றாதவர் என்று அழைப்பதிலுள்ள கூர்மை, 'பகைவர்' என்று மட்டும் பொருள் படித்துவிட்டு வருபவருக்குக் கிட்டாது.