ஹைடனைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்

லண்டனில் ஒரு பழைய தேவாலயத்தை ஒட்டிய சின்னக் கூடத்தில் நடந்த ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன், ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர்களான ஹைடன், பேத்தோவன் இருவரின் படைப்புகள். வயலின், செலோ (வயலின் குடும்பத்தில் பெரியது, கீழ்ச்சுரங்கள் வாசிப்பது), ஃபோர்ட்டெபியானோ, ஒரு சோப்ரானோ (உச்சக்குரல்) பாடகி, அவ்வளவுதான். மைக் கிடையாது, மேடையும் கிடையாது. வயலின்காரர் வில்லை இறக்குமுன் மூச்சை இழுப்பதுகூட முன்வரிசையில் கேட்கிறது.

கச்சேரியின் உயிரே அந்த ஃபோர்ட்டெபியானோதான். இன்றைய பியானோவின் முன்னோடி. மரச்சட்டம், மெல்லிய கம்பிகள். இடைவேளையில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தபோது கிட்டப் போய்ப் பார்த்தேன், சுத்தியல்கள் விரல்நுனி அளவுதான், மேலே தோல் சுற்றியிருக்கிறது. ஒலி சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கிவிடும். ஹைடனின் பியானோ ட்ரியோக்களில் (பியானோ, வயலின், செலோ மூன்றும் சேர்ந்து வாசிப்பவை) செலோவுக்கு வேலையே இல்லை, பியானோவின் இடதுகை வாசிப்பதையே அதுவும் வாசிக்கிறது என்று பலர் குறை சொல்வார்கள், கிராண்ட் பியானோவோடு கேட்டால் எனக்கும் அப்படித்தான் தோன்றும். இங்கே கேட்டதும் காரணம் புரிந்துவிட்டது: இந்தப் பியானோவின் கீழ்ச்சுரங்கள் நீண்டு நிற்பதில்லை, செலோதான் அவற்றைத் தாங்கிப் பிடிக்கிறது. 1795இல் எழுதிய ஜி மேஜர் ட்ரியோவின் கடைசிப் பகுதி, அந்த ஹங்கேரிய பாணி ரோண்டோ (முதல் மெட்டு திரும்பத் திரும்ப வரும் வடிவம்), தலைதெறிக்கிற வேகத்தில் போனது. ஆனாலும் ஒரு சுரம்கூட மங்கவில்லை.

அப்புறம் பாட்டுகள். லண்டனில் இருந்த காலத்தில் ஹைடன் ஆங்கிலப் பாடல்களுக்கும் இசையமைத்தார். அதில் 'ஷி நெவர் டோல்ட் ஹெர் லவ்', ஷேக்ஸ்பியரின் 'ட்வெல்த் நைட்' நாடக வரிகள். முதலில் பியானோ மட்டும் நெடுநேரம் போகிறது, பிறகுதான் குரல். துயரத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள் என்ற வரி திரும்ப வரும்போது பாடகி கிட்டத்தட்டப் பேச்சாகவே குரலைத் தாழ்த்திவிட்டார். ஆயிரம் பேர் அரங்கில் இது பின்வரிசைக்குப் போய்ச் சேராது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கடைசியில் நால்வரும் சேர்ந்து பேத்தோவனின் ஸ்காட்லாந்துப் பாடல்கள். எடின்பரோவிலிருந்து பதிப்பாளர் ஜார்ஜ் தாம்சன் நாட்டுப்புற மெட்டுகளை அனுப்ப, பேத்தோவன் வியன்னாவில் இருந்தபடியே வாத்திய இசை எழுதிக் கொடுத்தவை. பெரும்பாலும் பாடல் வரிகள் கைக்கு வராமலே எழுதினார் என்றால் நம்ப முடிகிறதா!

ஒரு குறை உண்டு, சின்னதில்லை. நிகழ்ச்சித் தாளில் பாடல் வரிகளே இல்லை. ஸ்காட் வழக்குச் சொற்களை எத்தனை பேரால் காதில் கேட்டே பிடிக்க முடியும்? ஒரு தாள் அச்சடிக்க என்ன செலவாகிவிடப் போகிறது? நாற்காலிகளும் கடினம்.

சரி, இதே குழு மறுபடி வாசித்தால் கட்டாயம் போங்கள். இடதுபக்கம் முன்வரிசையில் இடம் பிடியுங்கள், பியானோ வாசிப்பவரின் கைகள் அங்கிருந்துதான் தெரியும். போகுமுன் வரிகளை எடுத்துப் படித்துவிடுங்கள்.