ஸ்ட்ரெச்சரில் குறையில்லை, சக்கரத்தைத் தவிர

மறுபடியும் என் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரின் காஸ்டர் சக்கரம் (எந்தப் பக்கமும் திரும்பும் சின்னச் சக்கரம்) மாற்றிவிட்டு வந்த சூட்டோடு எழுதுகிறேன். பொள்ளாச்சியில் புதிதாக ஆம்புலன்ஸ் போடும் தம்பி ஒருவர், "ஏனுங்ணா, உங்க வண்டியில இருக்கற ஆட்டோ லோடரையே வாங்கலாமுங்களா?" என்று கேட்டிருந்தார். ஆட்டோ லோடர் என்றால் வண்டியில் தள்ளி ஏற்றும்போதே கால் மடங்கிக்கொள்ளும் ஸ்ட்ரெச்சர். அவருக்கும் சேர்த்துத்தான் இது.

ஏற்றுவது சுகம். தலைப்பக்கம் வண்டித் தளத்தில் ஏறியதும் பிடியை அழுத்தித் தள்ளினால் முன்கால் மடங்கும், அப்புறம் பின்கால். தளத்து லாக்கும் கெட்டி. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏற 27 கொண்டை ஊசி வளைவு. பழையதை வளைவுக்கு வளைவு சொந்தக்காரர் யாராவது பிடித்துக்கொண்டே வர வேண்டும். இது அசைவதே இல்லை. ஐரோப்பாவின் ஈஎன் 1789 என்ற ஆம்புலன்ஸ் தரப்படி 10 ஜி, அதாவது எடையைப் போல் பத்து மடங்கு விசை, தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். மோதிப் பார்க்கும் ஆசை எனக்கில்லை. தோள் பெல்ட்டும் உண்டு. இடுப்புக்கும் காலுக்கும் மட்டும் கட்டினால் சடன் பிரேக்கில் ஆள் தலைப்பக்கமாக வழுக்கிவிடுவார், தோள் பெல்ட்தான் நிறுத்தும்.

இவ்வளவு செய்தவர்கள் சக்கரத்தில் போய்க் கஞ்சத்தனம் பண்ணியிருக்கிறார்கள். கல்யாண மண்டபத்துச் சாம்பார் வண்டிச் சக்கரம் தேவலாம். பேரிங்குக்கு மூடியே கிடையாது. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குள் ஒருமுறை போய்வந்தால் போதும், தரையில் கிடக்கும் நூலெல்லாம் அச்சில் சுற்றி இறுகிவிடும். பிளேடால் அறுத்து எடுக்க வேண்டும். விட்டால் ஒரு சக்கரம் மட்டும் குறுக்கே நிற்கும், மற்ற மூன்றும் ஓடும். முழு உயரத்தில் ஆள் படுத்திருக்கும்போது எடையெல்லாம் மேலே, கீழே கால் அகலமோ குறைச்சல். தோட்டத்து வீடு ஒன்றில் சிமெண்டு வாசல் முடிந்து மண் தொடங்கும் இடத்தில் அப்படியே சாய்ந்தது. உடன் இருந்த பையன் இடுப்பைக் கொடுத்துத் தாங்கியதால் அந்த அம்மா தப்பினார்.

விற்றவரிடம் சொன்னால் "கிரீஸ் போடுங்க சார்" என்கிறார். கிரீஸ் போட்டால் மண்ணும் நூலும் இன்னும் நன்றாக ஒட்டும்!

கோவையில் லேத் பட்டறைக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆஸ்பத்திரி டைல்ஸுக்குச் செஞ்சதுங்க" என்றார். பெரிய சக்கரம் போடலாமே என்றேன். உயரம் ஏறிவிடும், வண்டித் தளத்தோடு கணக்கு ஒத்துவராது என்று தடுத்துவிட்டார். அதே அளவில் மூடிய பேரிங் சக்கரம் போட்டிருக்கிறோம். இப்போதைக்கு வெண்ணெயாக ஓடுகிறது.

வாங்கினால் ஒன்று: முழு உயரம் சமதரைக்கு மட்டும். மண்ணில் பாதிக்கு இறக்கி, பக்கத்துக்கு ஒருவர் பிடித்து, கால்பக்கம் முன்னால் போகத் தள்ளுங்கள். வண்டியிலிருந்து இழுக்கும்போது முன்கால் விரிந்து 'டக்' என்று லாக் விழும்வரை ஸ்ட்ரெச்சரை வண்டியோடு பிடித்திருக்கும் கொக்கியை விடவே கூடாது.

பத்துக்கு எட்டு மார்க் தருவேன். ஆனாலும் வாங்காதீங்க தம்பி. மூடிய பேரிங் சக்கரம் போட்டுத் தருவதாக பில்லில் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம். என் இரண்டாவது வண்டிக்கு இதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன், அது வேறு விஷயம். அந்த லாக் எனக்கு வேண்டும்.