மீன் பிரீசரில் டிஎஸ்18பி20: மைனஸ் ரீடிங் தவறாக வந்தால்

மட்டக்களப்பில் மார்கழி மழையிலும் 20 பாகைக்குக் கீழே குளிர் இறங்குவது அரிது. அதனால் டிஎஸ்18பி20 என்ற இந்த வெப்பநிலை சென்சரை மேசையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். வாழைச்சேனை, கல்முனைப் பக்கம் மீன் வைக்கிற டீப் பிரீசருக்குள் போட்ட பிறகுதான் கோளாறு வெளிவரும்.

திரையில் 4078 என்று வந்தால் சென்சரைக் கழற்ற வேண்டாம். அது அனுப்பியது சரியான −18தான். 16 பிட் எண்ணை மைனஸ் குறியைக் கணக்கில் எடுக்காமல் வாசித்ததால் 65248 ஆகி, 0.0625ஆல் (சென்சரின் ஒரு படி அத்தனை பாகை) பெருக்க 4078 ஆகிறது. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் ஓடிய புரோகிராமை ஈஎஸ்பி32 போர்டுக்கு மாற்றும்போது இது அதிகம் நடக்கும். ‘இன்ட்’ என்ற முழு எண் வகை அந்த ஊனோவில் 16 பிட், ஈஎஸ்பி32இல் 32 பிட். மாறியை ‘இன்ட்16_டி’ ஆக்கினால் தீர்ந்தது. சோதிக்க பிரீசர் தேவையில்லை: நொறுக்கிய ஐஸ் 3 பங்கு, உப்பு 1 பங்கு கலந்தால் −10க்கும் கீழே போகும்.

ஈரப்பதமும் வெப்பநிலையும் அளக்கும் டிஎச்டி22 சென்சரில் −3276.7 வருவது வேறு கதை. அசல் சென்சர் மைனஸுக்கு முதல் பிட்டை மட்டும் மாற்றும். சில நகல்கள் டிஎஸ்18பி20 போல இரண்டின் நிரப்பி (two's complement) முறையில் அனுப்பும், அதை அசல் முறையில் வாசிப்பதால்தான் இப்படி வருகிறது. ஈரம் உறைகிற பிரீசருக்கு அதை வாங்காமல் விடுவதே நல்லது.

டிஎஸ்18பி20இல் −127 வந்தால் அது வெப்பநிலையே அல்ல. அந்த சென்சரின் கீழ் எல்லை −55. சென்சரிடமிருந்து பதில் வராதபோது லைப்ரரி (அதை வாசிக்கும் தயார் புரோகிராம்) காட்டும் அடையாளம் அது. முதலில் டேட்டா வயருக்கும் விசிசிக்கும் (மின்சாரம் தரும் வயர்) இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா பாருங்கள், 3.3 வோல்ட்டில் நீண்ட வயர் என்றால் 2.2 கிலோ ஓம் போடலாம். அடுத்து, கதவு ரப்பரில் வயர் நசுங்கும் இடம். அதற்கும் மேலாக, ஸ்டீல் குழாய்க்குள் வயர் நுழையும் வாய். உப்புக் காற்றும் மீன் தண்ணீரும் அதுவழியே இறங்கி இணைப்பில் பச்சைக் களிம்பு பூக்கும். பூட்டுவதற்கு முன்பே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போட்டால் ஆயுள் கூடும், பிறகு போட்டால் உள்ளே போன ஈரத்தை மூடி வைத்ததாகிவிடும்.

−127ஐ உண்மையென்று எடுத்த கன்ட்ரோலர் ‘போதிய குளிர்’ என்று கம்பிரசரை நிறுத்திவிடும். சூடு ஏறினால் அடிக்கும் அலாரமும் அடிக்காது, மீன் நாறும். ஆகவே −55க்குக் கீழே வரும் எதையும் புரோகிராம் தள்ளட்டும், தொடர்ந்து மூன்று தடவை வந்தால் அலாரம் அடிக்கட்டும். மின்சாரம் வந்தவுடன் தெரியும் 85ஐயும் அப்படியே தள்ளுங்கள். முதல் அளவீடு முடிய 750 மில்லிசெக்கன் வேண்டும்.