மோட்டார்ஹோம் அலையாமல் ஓட: ஸ்டெபிலைசரா, டிராக் பாரா, வெறும் அலைன்மென்ட்டா?

டெக்சஸில் ஐ-10 நெடுஞ்சாலையில் சான் அன்டோனியோவைத் தாண்டி மேற்கே போகப் போக ஊர்கள் குறையும், காற்று கூடும். ஓசோனாவுக்கும் ஃபோர்ட் ஸ்டாக்டனுக்கும் நடுவில் வேக வரம்பு 80 மைல். மேட்டு நிலங்களின் மேல் வரிசையாகக் காற்றாலைகள். அவற்றை அங்கே சும்மாவா நட்டிருப்பார்கள் என்பது, 28 அடி மோட்டார்ஹோமை (உள்ளேயே வீடு கட்டிய வண்டி) முதல்முறை அந்த வழியே பிக் பெண்ட் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போனபோதுதான் எனக்கு உறைத்தது. நான் 62-ல்தான் போனேன். அதற்கே கை ஒரு நொடி சும்மா இல்லை. இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம், மறுபடியும் இடப்பக்கம். பக்கத்து சீட்டிலிருந்து மனைவி கேட்டாள்: "ஏங்க, வண்டி ஓட்டுறீங்களா, மாவாட்டுறீங்களா?" அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபோர்ட் ஸ்டாக்டனில் இறங்கியபோது தோள்பட்டை இரண்டும் கல்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இதே வேலையாக இருந்தேன். ஸ்டீயரிங்கை நடுவுக்கு இழுக்கும் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன், இரண்டு முறை அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது) செய்தேன், பின் ஆக்சிலைக் குறுக்கே பிணைக்கும் டிராக் பார் போட்ட நண்பர் ஒருவருடைய வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அலைன்மென்ட் கட்சி. ஆனால் எடை போடாமல் செய்த அலைன்மென்ட் அல்ல. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி 2014 மாடல், கிளாஸ் சி (வேன் முகம் உள்ள வகை), ஃபோர்ட் இ-450 சேசிஸ், அதாவது அடிச்சட்டம். ஆம்புலன்ஸுக்கும் ஷட்டில் பஸ்ஸுக்கும் போகிற அதே சேசிஸ்தான். அதன் மேல் வீடு கட்டுவது வேறொரு நிறுவனம். என் வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 176 அங்குலம். மொத்த நீளம் 336 அங்குலம். அதாவது வண்டி நீளத்தில் 52 சதவீதம்தான் சக்கரங்களுக்கு நடுவே நிற்கிறது. பின் ஆக்சிலைத் தாண்டி ஏறக்குறைய 11 அடி வால் தொங்குகிறது. இந்த விகிதம் 55-க்கு மேல் இருந்தால் நல்லது, 50-க்குக் கீழே போனால் சிரமம் என்பது மோட்டார்ஹோம்காரர்களின் பொதுக் கணக்கு. வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் படுக்கையின் அகலத்தை.

இடப்பக்கம் 18 சக்கர லாரி தாண்டும்போது என்ன நடக்கிறது என்பதைக் கவனித்துப் பாருங்கள். லாரியின் மூக்குக்கு முன்னால் ஒரு காற்றுச் சுவர் ஓடுகிறது. அது முதலில் நம் வாலைத்தான் வலப்பக்கம் தள்ளும். வால் வலப்பக்கம் போனால் மூக்கு இடப்பக்கம், லாரியைப் பார்த்தே திரும்பும். பதறி ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடிக்கிறோம். அதற்குள் அந்தச் சுவர் முன்பக்கம் வந்து மூக்கையும் வலப்பக்கம் தள்ளுகிறது. நாம் ஒடித்ததும் காற்று தள்ளியதும் ஒன்று சேர்ந்து வண்டி சாலையோரக் கோட்டை மிதிக்கும். இதில் பாதி காற்றின் குற்றம், மீதி நம் கையின் குற்றம். வண்டி தானாக நேருக்கு வந்துவிடும் என்ற நம்பிக்கை இருந்தால் கை அவ்வளவு பதறாது.

முதலில் நான் வாங்கியது ஸ்டெபிலைசர். ஸ்டீயரிங் இணைப்புக் கம்பியில் மாட்டுகிற ஒரு ஸ்பிரிங்கும், ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பரும். ஸ்டீயரிங்கை எப்போதும் நடுவுக்கே இழுத்துக்கொண்டிருக்கும். மாட்டுக்கூலியோடு 560 டாலர் ஆனது. ஓட்டிய முதல் அரை மணி நேரம் சொர்க்கம். பிறகு பக்கக் காற்று ஒரே திசையில் அடிக்க ஆரம்பித்ததும் கதை மாறியது. காற்றுக்கு எதிராக ஸ்டீயரிங்கைச் சற்றே ஒரு பக்கம் பிடித்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கோ நடுவுக்கு இழுக்கிறது. காற்றோடு ஒரு சண்டை, நானே காசு கொடுத்து வாங்கிய பொருளோடு இன்னொரு சண்டை. அதைவிட எனக்குப் பிடிக்காதது, அது நோயை மூடி வைப்பது. டை ராட் எண்ட் (ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு சேர்க்கும் மூட்டு) தேய்ந்திருந்தாலும், டயர் ஒரு பக்கம் இழுத்தாலும் கைக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன்: ஓடும்போது முன் டயர் வெடித்தால் ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகாமல் தடுக்க இது உதவும். அந்தப் பயத்துக்காக வாங்குகிறவர்கள் வாங்கட்டும். வண்டி அலைவதற்கு மருந்தாக வாங்க வேண்டாம்.

ஷாக் அப்சார்பர் பற்றி ஒரு வரி போதும். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், மாற்றியதால் நேராக ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இனி எடை. காசு குறைவு, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை. லவ்ஸ், பைலட் மாதிரி லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும். முன் ஆக்சில் ஒரு தட்டிலும் பின் ஆக்சில் அடுத்த தட்டிலும் நிற்கிற மாதிரி ஏற்றினால், தனித்தனி எடையோடு சீட்டு தருவார்கள். பயணத்துக்குப் போகிற அதே கோலத்தில் (தண்ணீர், பெட்ரோல், அரிசி மூட்டை, குடும்பம் எல்லாம் உள்ளே) ஏற வேண்டும். எனக்கு வந்த சீட்டில் முன்னால் 4,020 பவுண்டு, பின்னால் 9,780. மொத்தம் 13,800. சேசிஸின் மொத்த வரம்பு 14,500 என்பதால் "பரவாயில்லையே" என்று சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து கதவோர ஸ்டிக்கரைப் பார்த்தால் பின் ஆக்சிலின் வரம்பு 9,600. பின்னால் 180 பவுண்டு அதிகம். முன் ஆக்சில் 5,000 தாங்கும்; அதில் ஆயிரம் பவுண்டு சும்மா கிடக்கிறது.

ஊரில் ஏற்றம் இறைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பின் ஆக்சில்தான் ஏற்றத்தின் அச்சு. அதற்குச் சராசரியாக 10 அடி பின்னால் நான் ஒரு சைக்கிள் தாங்கி, இரண்டு சைக்கிள், ஒரு கருவிப் பெட்டி என்று 300 பவுண்டைத் தொங்கவிட்டிருந்தேன். ஆக்சில்களுக்கு இடையே பதினாலே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டால், அந்த 300 பவுண்டு முன் சக்கரங்களிலிருந்து சுமார் 205 பவுண்டைத் தூக்கிவிடுகிறது. பின் ஆக்சில் மேல் 505 பவுண்டாக இறங்குகிறது. திசை திருப்ப வேண்டிய சக்கரங்கள் பாரமில்லாமல் நுனிக்காலில் நடந்தால் வண்டி எப்படி நேராகப் போகும்?

சைக்கிள்களையும் தாங்கியையும் வீட்டிலேயே விட்டேன். கருவிப் பெட்டியிலிருந்து தேவையானதை மட்டும் எடுத்து, உள்ளே சாப்பாட்டு மேசை இருக்கைக்கு அடியில், ஆக்சில்களுக்கு நடுவே வைத்தேன். தண்ணீர்த் தொட்டி படுக்கைக்கு அடியில், பின் ஆக்சிலுக்கும் பின்னால் இருக்கிறது. ஒரு கேலன் தண்ணீர் 8 பவுண்டுக்கு மேல். இப்போது 10 கேலனோடு கிளம்பி, முகாமுக்குப் போய் நிரப்பிக்கொள்கிறேன். அடுத்த சீட்டு: முன்னால் 4,360, பின்னால் 9,020. எடை போட்ட காசு தவிர ஒரு டாலர் செலவில்லை. வண்டி பாதி மாறிவிட்டது.

எடை தெரிந்தால்தான் டயர் காற்றும் தெரியும். டயர் பக்கவாட்டில் 80 பி.எஸ்.ஐ. என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து நான்கு மூலையிலும் 80 அடித்து வைத்திருந்தேன். அது அதிகபட்ச எடைக்கான காற்று. என் டயர் எல்டி 225/75ஆர்16, லோட் ரேஞ்ச் இ (தாங்கும் எடையின் வகை). இரட்டையாக இல்லாமல் தனியாக நிற்கும் டயர் 80-ல் 2,680 பவுண்டு தாங்கும், 65-லேயே 2,335 தாங்கும். என் முன் டயர் ஒன்றின் மேல் இருந்தது 2,010. தேவைக்கு மேல் காற்றடித்த டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு, ரோட்டில் உள்ள ஒவ்வொரு வரிப்பள்ளத்துக்கும் தலையாட்டும். இடது வலது எடை சரிசமமாக இருக்காது என்பதால் கொஞ்சம் கூட்டி, ஸ்டிக்கரையும் டயர் அட்டவணையையும் சேர்த்துப் பார்த்து இப்போது முன்னால் 70 வைக்கிறேன். பின்னால் 80-ஐ மாற்றவில்லை. அங்கே எடை அப்படி.

பிறகுதான் அலைன்மென்ட். முதல்முறை சாதாரண டயர் கடை ஒன்றில் செய்தேன். வண்டி காலி. கணினித் திரையில் எல்லாம் பச்சை. "ஆல் குட்" என்று 130 டாலர் வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். வண்டி போன மாதிரியே திரும்பி வந்தது. அந்தக் காகிதத்தை அப்போது படிக்கத் தெரியவில்லை. பின்னால் எடுத்துப் பார்த்தால் காஸ்டர் இடது 2.4 டிகிரி, வலது 2.9 டிகிரி. வரம்புக்குள்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் வரம்புக்குள் இருப்பது வேறு, பக்கக் காற்றில் நேராகப் போவது வேறு.

காஸ்டர் என்றால் பெரிய விஷயமில்லை. சைக்கிளின் முன் ஃபோர்க் நேராக நிற்காமல் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கும் அல்லவா, அந்தச் சாய்வுதான். அதுவும் உதவியதால்தான் சின்ன வயதில் கையை விட்டுவிட்டு மிதித்தோம். சாய்வு கூடக் கூட, சக்கரம் ஓட்டத்தில் தானாகவே நேருக்கு வரத் துடிக்கும். ஸ்டெபிலைசர் ஸ்பிரிங்கைக் கொண்டு செய்ய முயல்வதை, காஸ்டர் சக்கரத்தின் இயல்பாகவே செய்துவிடுகிறது. இங்கேதான் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்பிரிங் ஒரே இழுப்பாக இழுக்கும், நின்றாலும் ஓடினாலும். காஸ்டரின் இழுப்பு வேகத்தோடும் முன் சக்கரத்தின் எடையோடும் சேர்ந்து வரும். ரோட்டின் செய்தியும் கைக்கு வந்துகொண்டே இருக்கும். முன் டயரில் காற்று குறைந்தாலும் எனக்குத் தெரிகிறது.

இரண்டாவது முறை ஆம்புலன்ஸும் டெலிவரி வண்டியும் நிற்கிற ஒரு லாரி அலைன்மென்ட் கடைக்கு, பயண எடையோடு போனேன். இ-450-ன் முன்பக்கம் ட்வின் ஐ-பீம்: இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி உத்தரம். சக்கரம் திரும்பும் மேல் மூட்டான பால் ஜாயின்ட்டில், கோணத்தைத் தீர்மானிக்க கம்பெனி போட்ட புஷ்ஷை (வளையத்தை) வைத்துக்கொண்டு காஸ்டரைக் கூட்ட முடியாது. திருப்பி அமைக்கக்கூடிய புஷ் மாற்ற வேண்டும். "அஞ்சு டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும்" என்றதும் அந்தப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரோ சரியாகச் சொல்லியிருக்கிறார்கள்" என்கிற மாதிரி ஏதோ சொன்னார். முடிவில் இடது 4.8, வலது 5.1. வலது வேண்டுமென்றே சற்றுக் கூட: காஸ்டர் குறைந்த பக்கம்தான் வண்டி இழுக்கும், இங்கே ரோடு வலப்பக்கம் சரிந்திருக்கும், இரண்டும் ஈடாகிவிடும். டோ-இன் (முன் சக்கரங்களின் முன்முனை உள்பக்கம் பார்ப்பது) இம்மியளவு. புஷ், கூலி எல்லாம் சேர்த்து 340 டாலர்.

அடுத்த மாதம் அதே ஐ-10. ஸ்டெபிலைசரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன், எது வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமே. லாரி தாண்டும்போது தள்ளல் இருந்தது, வண்டி நகர்ந்தது, நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, அது திரும்பி வந்தது. ஓசோனா தாண்டி ஒரு கையில் ஃபிளாஸ்க் காபி. பார்க்கிங்கில் திருப்பும்போது ஸ்டீயரிங் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான் நஷ்டம். ஸ்டெபிலைசர் இன்னும் கராஜில் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

டிராக் பாருக்கு வருகிறேன். பின் ஆக்சில் பட்டை ஸ்பிரிங்கில் தொங்குவதால், காற்று தள்ளும்போது உடம்பு ஒரு பக்கமும் ஆக்சில் ஒரு பக்கமும் சற்றே விலகும். டிராக் பார் ஆக்சிலின் ஒரு முனையையும் சேசிஸின் எதிர்முனையையும் குறுக்கே பிணைத்து அந்த விலகலைப் பிடித்துவிடுகிறது. நண்பருடைய 31 அடி வண்டியில் இரண்டு நாள் ஓட்டினேன். லாரி தாண்டும்போது வால் ஆடுவது நிஜமாகவே குறைவு. ஆனால் அவர் வண்டியின் வீல்பேஸ் (ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) என்னுடையதைவிட நீளம். அதனால் பாராட்டு முழுவதையும் அந்தக் கம்பிக்கே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எனக்குச் சொன்ன விலை கூலியோடு 800 டாலர். கையில் காசு இருந்து இரண்டாவதாக ஒன்று செய்வதென்றால் இதைத்தான் செய்வேன்.

தடித்த ஸ்வே பார் (வண்டி பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் கம்பி) வேறு நோய்க்கான மருந்து. பெட்ரோல் பங்க் நுழைவாயிலில் வண்டி கப்பல் மாதிரி ஆடுவதையும், ராம்ப் வளைவில் சாய்வதையும் அது குறைக்கும். நேர் ரோட்டில் அலைவதற்கு அதிகம் செய்யாது. செலவழிக்கும் முன் இருக்கிற ஸ்வே பாரின் லிங்கும் (இணைப்புத் துண்டு) ரப்பர் புஷ்ஷும் உயிரோடு இருக்கின்றனவா என்று ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள். என் வண்டியில் ஒரு ரப்பர் பாதியாகத்தான் இருந்தது. 40 டாலரில் முடிந்தது.

பஸ் மாதிரி முகம் உள்ள கிளாஸ் ஏ, ஃபோர்ட் எஃப்-53 சேசிஸ் வைத்திருப்பவர்களுக்கு நான் சொன்னதில் எடையும் காற்றும் அப்படியே பொருந்தும். காஸ்டர் முறை மாறும்: அங்கே முன்னாலும் ஒரே கட்டை ஆக்சில், பட்டை ஸ்பிரிங், ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைத்துத்தான் சாய்வைக் கூட்டுவார்கள். பல வண்டிகளில் ஸ்வே பார் நுனியில் இரண்டு துளைகள் இருக்கும். லிங்கை உள் துளைக்கு மாற்றினாலே பார் விறைப்பாகிவிடும், ஸ்பேனர் இருந்தால் போதும், காசில்லை. மாற்றிய வண்டி ஒன்றை ஒரு பிற்பகல் ஓட்டியிருக்கிறேன். மாற்றுவதற்கு முன் அதை ஓட்டியதில்லை.