பாஸ்போர்ட் விண்ணப்பம்: கூகுளில் தேடுவதா, முகவரியை நேரடியாக அடிப்பதா?

'பாஸ்போர்ட் அப்ளை' என்று தேடினால், மேலே 'ஸ்பான்சர்டு' என்ற சிறு எழுத்தோடு ஒரு தளம் வரலாம். அந்த இடம் காசு கொடுத்து வாங்கியது. அரசுத் தளம் என்பதற்கு அது சான்றே இல்லை. அசோகச் சின்னத்தையும் மூவர்ணத்தையும் யாரும் ஒட்டிவிடலாம். இப்படிப்பட்ட போலித் தளங்களைப் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது.

நேரடியாக அடிப்பதென்றால் 'பாஸ்போர்ட்இந்தியா டாட் ஜிஓவி டாட் இன்'. 'ஜிஓவி டாட் இன்' முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது. டாட் காம், டாட் ஆர்க், வெறும் டாட் இன் ஆகியவற்றை யாரும் வாங்கலாம். ஒருமுறை அடித்து புக்மார்க் செய்துவிட்டால் போதும். அரசின் எம்பாஸ்போர்ட் சேவா செயலியும் இருக்கிறது.

பணத்தில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். பெரியவர்களுக்கான 36 பக்க சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கால் என்றால் 3,500. போலித் தளம் அதற்கு மேல் 'சேவைக் கட்டணம்' கேட்கும். கட்டினாலும் பாஸ்போர்ட் சேவா மையத்துக்கு நாம்தான் நேரில் போயாக வேண்டும்.

பணத்தைவிட எனக்குக் கவலை தருவது பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஆதார் எல்லாம் முகம் தெரியாதவர் கைக்குப் போவதுதான். அதைத் திரும்ப வாங்க வழியில்லை. வீட்டுப் பெரியவர்களின் போனில் சரியான முகவரியை நீங்களே சேமித்துக் கொடுங்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.