இல்போர்ட் எச்பி5 பிளஸ் பிலிமும் மல்டிகிரேட் தாளும்: கொழும்பு வெக்கைக்கு ஏற்ற சோடி

கொழும்பில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்க எந்தப் பிலிமில் தொடங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் சொல்வது இல்போர்ட் எச்பி5 பிளஸ். கூடவே, பிரிண்ட் போட அதே நிறுவனத்தின் மல்டிகிரேட் ஆர்சி தாளிலும் (பிளாஸ்டிக் பூச்சுள்ள தாள்) ஒரு பெட்டி வாங்குங்கள் என்பேன். இப்போது நிறையப் பிள்ளைகள் பிலிம் கமரா தூக்கிக்கொண்டு காலிமுகத்திடலில் நிற்கிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பிலிமைக் கழுவக் கொடுத்து, ஸ்கான் எடுத்து, போனில் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். இந்த வேலையின் பெரிய சந்தோஷம் அதற்குப் பிறகுதான், தாளில் இருக்கிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் பிலிம். எச்பி5 பிளஸ் 400 வேகம் கொண்டது (இந்த எண் கூடக் கூடக் குறைந்த வெளிச்சமே போதும்), 1989இல் வந்தது. இல்போர்ட்டின் வரலாறு 1879இல் லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் இல்போர்ட் என்ற ஊரில் தொடங்குகிறது. 2004இல் மூடப்படும் நிலைக்குப் போனபோது அதன் மேலாளர்களே சேர்ந்து 2005இல் வாங்கிக் காப்பாற்றினார்கள். அவர்கள் அன்று துணிந்ததால்தான் இன்று இதை எழுத எனக்கு ஒரு பொருள் இருக்கிறது.

இந்தப் பிலிமில் அழுத்தம், அதாவது கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள வேறுபாடு, போதாது, படம் சப்பென்று இருக்கிறது என்று சிலர் குறை சொல்வார்கள். மழைமேகம் மூடிய ஊர்களில் அது சரியாக இருக்கலாம். புறக்கோட்டை ஐந்தாம் குறுக்குத் தெருவில் மதியம் ஒரு மணிக்கு நின்று பாருங்கள். றோட்டில் வெயில் கண்ணைப் பறிக்கும், கடைக்குள்ளே கும்மிருட்டு. அந்த இரண்டையும் ஒரே நெகட்டிவில் பிடிக்க மென்மையான பிலிம்தான் வேண்டும். எச்பி5 நிழலுக்குள் இருப்பதையும் விடாது, வெயிலில் கிடப்பதையும் முழுதாக இழக்காது.

எனக்கு வேலை சொல்லித் தந்தவர் கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் பல வருடம் பிரிண்ட் போட்ட பெரியவர். நாங்கள் எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். "பிள்ளை, நிழலைப் பாத்து வெளிச்சம் விடும், வெளிச்சத்தைப் பாத்துக் கழுவும்" என்பார். புத்தகங்களிலும் இதேதான் எழுதியிருக்கும், ஆனால் எனக்கு அவர் குரலில்தான் ஞாபகம். அதன்படி, நல்ல வெயிலில் நான் இந்தப் பிலிமைக் கமராவில் 200 என்று வைத்து, அதாவது நிழலுக்காக இரு மடங்கு வெளிச்சம் விட்டு எடுத்து, கழுவும் நேரத்தைக் கொஞ்சம் குறைக்கிறேன். என்னிடம் இருப்பது பென்டாக்ஸ் கே1000. வெளிச்சம் அளக்கும் மீற்றரைப் பார்க்க நேரமில்லாதபோது லென்ஸ் துளையை எஃப்16, ஷட்டரை 1/250 செக்கன் என்று வைத்தால் வெயிலில் நிற்பவர்கள் எல்லாரும் சரியாக விழுவார்கள். நிழலுக்குள் போனால் இரண்டு மூன்று ஸ்டொப் திறக்கிறேன் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). ஒரு ஸ்டொப் கூடிப்போனாலும் இந்தப் பிலிம் தாங்கும், அந்தப் பெருந்தன்மை பழகுகிறவர்களுக்கு ரொம்ப முக்கியம்.

இரவில் வேறு விதம். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிப் பக்கம் வரும்போது, விளக்கு வெளிச்சத்தில் முகங்களை எடுக்க 1600 என்று வைக்கிறேன். பிலிமில் படத்தை வெளிக்கொண்டுவரும் ஐடி-11 டெவலப்பரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினால் 20 பாகையில் 14 நிமிடம். படத்தின் குருணை, அதாவது நுண்புள்ளிகள், பெரிதாகும், நிழல்கள் கொஞ்சம் இறங்கிப் போகும். தேர் விளக்கும் திருநீறு பூசிய நெற்றியும் அந்தக் குருணையில் இன்னும் உயிரோடு இருப்பதாகவே எனக்குப் படும்.

இனி வெக்கை. பெட்டியில் எழுதியிருக்கும் நேரம் எல்லாம் 20 பாகை செல்சியசுக்கு. எங்கள் வெள்ளவத்தைக் குழாயில் வருவது 28 பாகை அளவில். அந்தச் சூட்டில் டெவலப்பர் அவசரப்படும். கழுவும் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வரும் ஆபத்து இருக்கிறது. 20க்கு இறக்கலாம்தான், ஆனால் நிறைய ஐஸ் வேண்டும், கழுவி முடிக்கும் வரை அது 20இல் நிற்கவும் வேண்டும். நான் 24 பாகையில் சமாதானம் ஆகிவிட்டேன். ஐடி-11ஐச் சம அளவு தண்ணீர் கலந்து பாவிக்கிறேன். தண்ணீர் கலக்காத டெவலப்பர் போத்தல் அறைச் சூட்டில் 28இல் இருக்கும், பிரிட்ஜ் தண்ணீரையும் குழாய்த் தண்ணீரையும் கலந்து 20க்குக் கொண்டுவந்து அதோடு சேர்த்தால் சரியாக 24. இந்தக் கலவைக்கு 20 பாகையில் 13 நிமிடம், 24இல் 9 நிமிடம் அளவில். 200இல் எடுத்த ரோல் என்றால் அதிலும் ஒரு நிமிடம் குறைக்கிறேன். பிலிம் கழுவும் டாங்கை ஒரு பேசினுக்குள் வைத்து, தண்ணீர் சூடேறினால் இரண்டு ஐஸ்கட்டி போட்டுவிடுவேன். டெவலப்பரின் வேலையை நிறுத்தும் ஸ்டொப் பாத், படத்தை நிலைக்கவைக்கும் பிக்ஸர், அலசும் தண்ணீர் எல்லாம் அந்தச் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிலிமின் பூச்சில் இருக்கும் ஜெலட்டின் திடீர்ச் சூட்டை விரும்பாது.

அலசுவதற்கு இல்போர்ட் சொல்லித் தரும் முறை அருமையானது. டாங்கில் தண்ணீர் நிரப்பி 5 தரம் கவிழ்த்து ஊற்று, மறுபடி நிரப்பி 10 தரம், மறுபடி 20 தரம். அவ்வளவுதான். குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. மாடிவீட்டில் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. அப்புறம், 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களிலும் கழுவும் வேலை நிற்கவில்லை. டாங்குக்கு மின்சாரம் எதற்கு?

ஐடி-11 கிடைக்காத காலமும் வரும். அப்போது கையால் கலக்கலாம், அதுவும் கொடக்கின் டி-76உம் கிட்டத்தட்ட ஒரே சேர்மானம்தான். மெற்றோல் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், எல்லாம் சேர்த்து ஒரு லீற்றர். ஒரு நுள்ளு சல்பைட்டை முதலில் போட்டு, பிறகு மெற்றோல் கரைந்ததும் மற்றவற்றைப் போட வேண்டும். கையுறை போடுங்கள், மெற்றோல் சிலருக்குத் தோலில் ஒத்துக்கொள்ளாது.

இனித் தாள். என் இருட்டறை வீட்டுக் குளியலறைதான். யன்னலுக்குக் கறுப்புத் துணியும் காட்போட்டும், கதவுக்குக் கீழே துவாய். நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழுத்தும் என்லாஜர் செக் நாட்டு மியோப்டா, ஒரு ஸ்டூடியோ மூடும்போது வாங்கியது. தாளைக் கறுக்க விடாமல் இருட்டறையில் பாவிக்கும் பாதுகாப்பு விளக்குச் சரியா என்று பார்க்க ஒரு வழி: தாளின் மேல் ஒரு ரூபாய்க் குத்தியை வைத்து, ஐந்து நிமிடம் விளக்கின் கீழ் விட்டு, பிறகு கழுவுங்கள். குத்தியின் வட்டம் தெரிந்தால் அந்த விளக்கு உதவாது. மல்டிகிரேட் பச்சை வெளிச்சத்தையும் உணரும், ஆகவே மங்கலான பல்ப் எல்லாம் பாதுகாப்பு விளக்கு ஆகிவிடாது.

அந்தப் பச்சைதான் இந்தத் தாளின் சூட்சுமம். நீல வெளிச்சம் பட்டால் கடும் அழுத்தமாகவும் பச்சை வெளிச்சம் பட்டால் மென்மையாகவும் நடக்கும்படி தாளின் பூச்சைச் செய்திருக்கிறார்கள். மஞ்சள் பில்டர் நீலத்தை மறிக்கும், படம் மென்மையாகும். மஜெந்தா பில்டர் பச்சையை மறிக்கும், படம் இறுகும். 00 தொடங்கி 5 வரை 12 படி. முன்பு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் வேறு வேறு பெட்டி வாங்கி வைத்ததாக மாஸ்டர் சொல்வார். இப்போது ஒரே பெட்டி, ஒரே தாளில் இரண்டு அழுத்தத்தைக்கூட வைக்கலாம்.

ஒரு படத்தை எடுத்துச் சொன்னால் விளங்கும். ஐந்தாம் குறுக்குத் தெருவில் வெங்காய மூட்டை அடுக்கிய தள்ளுவண்டியை இழுத்து வரும் ஒரு நாட்டாமி, அதாவது சுமைத் தொழிலாளி. பின்னால் இருண்ட கடைவாசல், மேலே வெயில். பெனியன் வெள்ளையாக எரிகிறது, முகம் தலைத்துண்டின் நிழலில். 8க்கு 10 அங்குலத்தில் போட்டேன். லென்ஸ் எஃப்8, பில்டர் இரண்டரை. முதலில் ஒரு கீற்றுத் தாளை நாலு நாலு செக்கனாக மறைத்து மறைத்து வெளிச்சம் விட்டுப் பார்த்தால், 16 செக்கனில் மூட்டைச் சாக்கின் இழைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. முகத்துக்கு அது கூட. கம்பி நுனியில் ஒட்டிய சிறிய காட்போட் வட்டத்தை அந்த 16இல் 4 செக்கன் முகத்தின் மேல் ஆட்டிக்கொண்டே பிடித்தேன். ஓரிடத்தில் நிறுத்தினால் முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் விழும். பிறகு பில்டரை 1க்கு மாற்றி, ஓட்டை போட்ட மட்டை வழியாகப் பெனியனுக்கு மட்டும் இன்னும் 10 செக்கன். மென்மையான பில்டரில் விட்டதால் பெனியனில் அழுக்குச் சாம்பல் ஏறாமல் மடிப்பும் வியர்வையும் மட்டும் வந்தன.

டெவலப்பர் தட்டில் போட்டால் ஆர்சி தாளுக்கு ஒரு நிமிடம், எங்கள் சூட்டில் இன்னும் விரைவாக வரும். முதலில் கடைவாசலின் இருட்டு, அடுத்து வண்டிச் சில்லு, பிறகு மூட்டைகள், முகம். பெனியன் மடிப்புகள் கடைசியில் மெல்ல வரும். எத்தனை படம் போட்டாலும் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். திரையில் படம் ஒரேயடியாக வந்துவிடும், தட்டில் மட்டும்தான் அது பிறக்கும் ஒழுங்கைப் பார்க்கலாம்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரையோர ரயில் போகும்போது எங்கள் மாடி லேசாக நடுங்கும், என்லாஜர் தலை அதைப் பெரிதாக்கிவிடும். ரயில் சத்தம் கேட்டால் சுவிட்சில் கை வைக்க மாட்டேன். ராத்திரி பிந்தி வேலை செய்வதற்கு வெளிச்சம் மட்டும் காரணம் இல்லை.

பிரிண்ட்தான் முடிந்த வேலை என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்குக் கொழும்பிலேயே காரணம் இருக்கிறது. 1944இல் மறைந்த லயனல் வென்ட் இந்த ஊர்க்காரர். பியானோக் கலைஞர், சட்டம் படித்தவர், இருட்டறையில், கழுவும்போது வெளிச்சம் விட்டு ஒளியையும் நிழலையும் ஓரளவு தலைகீழாக்கும் சோலரைசேஷனும் படங்களை ஒன்றோடொன்று சேர்க்கும் வேலையும் செய்துபார்த்தவர். கொழும்பு 7, கில்ட்போர்ட் கிரசென்டில் அவர் பெயரில் உள்ள கலையரங்கு எல்லாருக்கும் தெரியும். அவர் மறைந்த பிறகு அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. இன்று நாம் அவரைப் பார்ப்பது அவர் கையால் போட்டு வைத்த பிரிண்ட்களால்தான். நெகட்டிவ் இருக்கிறது, ஸ்கான் இருக்கிறது, பிறகு போடலாம் என்று தள்ளிவைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பைபர் தாள் இன்னும் அழகு, மறுக்கவில்லை. கறுப்பு ஆழமாக விழும், கையில் கனமாக இருக்கும். ஆனால் உதவி இரசாயனம் இல்லாமல் ஒரு மணித்தியாலம் அலச வேண்டும், காயும்போது சுருளும். ஆர்சி இரண்டு நிமிடத்தில் அலசி முடியும். பழகும் காலத்தில் ஆர்சி போதும், நல்ல நெகட்டிவ் ஒன்று அகப்பட்டால் பைபருக்குப் போகலாம்.

வாங்குவதுதான் கஷ்டம். கொழும்பில் இவை எப்போதும் கடையில் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது, டொலர் ஏறும்போது விலையும் ஏறும். லண்டனிலோ சென்னையிலோ இருந்து வரும் சொந்தக்காரரிடம் சொல்லி வைக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது: பிலிமைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பவே கூடாது, கைப்பையில் வைத்து, விமான நிலையத்தில் புதிய சிடி எக்ஸ்ரே ஸ்கானர் என்றால் கையால் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். நிறைய எடுப்பவர்களுக்கு 30.5 மீற்றர் பிலிம் டின் நல்லது, வெட்டிச் சுற்றினால் 36 படம் கொண்ட ரோல் 18 அளவில் கிடைக்கும். கழுவிய நெகட்டிவ்களைச் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள், எங்கள் ஈரக்காற்றில் பங்கஸ் ஜெலட்டினை விரும்பித் தின்னும். பழைய பிக்ஸரில் வெள்ளி இருக்கிறது, அதை வடிகாலுக்குள் ஊற்றாமல் ஒரு போத்தலில் சேர்த்து வைத்து, வெள்ளி மீட்பவர்களிடம் கொடுங்கள்.

தாளின் மேற்பரப்பில் குளொஸி, பேர்ள், சற்றின் என்று மூன்று உண்டு. குளொஸியில் கறுப்பு ஆழம், ஆனால் விரல் பட்ட இடம் எல்லாம் தெரியும். நான் பேர்ள் எடுக்கிறேன். முதல் பெட்டியைச் சின்ன அளவில், 5க்கு 7 அங்குலத்தில் வாங்குங்கள். சோதனைக் கீற்றுக்கே நிறையத் தாள் போகும், அதை நட்டமாக எண்ணிச் சிக்கனம் பிடிக்க வேண்டாம்.