சிசேரியனுக்குப் பிந்தைய வலி: முதுகில் மார்ஃபினா, வயிற்றுச் சுவர் ஊசியா, மாத்திரையா?

சிசேரியனுக்குப் பின் வரும் வலி ஒன்றல்ல, இரண்டு. அறுத்துத் தைத்த இடத்தில் எரிச்சலும் இழுப்புமாகத் தெரிவது ஒன்று. கருப்பை சுருங்குகையில், குறிப்பாகக் குழந்தை பால் குடிக்கும் நேரத்தில், அடிவயிற்றைப் பிசைவது மற்றொன்று. எந்த முறையானாலும் இவ்விரண்டில் எதைத் தணிக்கிறது என்பதே முதற்கேள்வி.

அறுவைக்காக முதுகில் போடும் மரப்பு ஊசியோடு மார்ஃபின் என்ற வீரியமான வலிநிவாரணியை 100 முதல் 150 மைக்ரோகிராம் சேர்த்துவிட்டால், மரப்பு விலகிய பின்னரும் ஏறத்தாழ ஒரு நாள் இரு வலிகளும் தணிந்திருக்கும். ஆனால் அரிப்பும் குமட்டலும் பலருக்கு வரும். மிக அரிதாக மூச்சு மந்தமாகக்கூடும் என்பதால் அந்த ஒரு நாளும் கண்காணிப்பு தேவை.

அல்ட்ராசவுண்டில் பார்த்தபடி வயிற்றின் இருபுறமும் தசை அடுக்குகளுக்கிடையே மரப்பு மருந்தைச் செலுத்தும் 'டாப் பிளாக்' முறையில் இந்தத் தொல்லைகள் இல்லை. எனினும் அது தையல் வலியை மட்டுமே, அதுவும் ஏறக்குறைய அரை நாளுக்கே குறைக்கிறது. முதுகில் மார்ஃபின் பெற்றவருக்கு இதனால் கூடுதல் பயன் சொற்பம். முழு மயக்கத்தில் அறுவை நடந்தவருக்கோ இது நல்ல துணை.

இவற்றுக்கு முன் எளிதாகத் தோன்றும் மாத்திரைகளையே நான் அடித்தளம் என்பேன். பாரசிட்டமாலுடன் ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ சேரும்போது, கருப்பையைப் பிசையவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் சுரப்பே குறைகிறது. தாய்ப்பாலிலும் இவை மிகச் சிறிதளவே கலக்கின்றன. சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப்புண்ணோ உள்ளவருக்குப் பின்னிரண்டும் ஆகா. வலி வந்தபின் கேட்டு வாங்குவதைவிட, மருத்துவர் குறித்த நேரப்படி (பாரசிட்டமால் எனில் வழக்கமாக 6 மணிக்கொருமுறை, நாளொன்றுக்கு 4 கிராமுக்கு மிகாமல்) முதல் சில நாட்கள் விழுங்குவதே மேல். ஏறிய வலியை இறக்குவது கடினம், அதற்குத்தான் பெரும்பாலும் வீரியமான மருந்து தேவைப்படுகிறது. அப்படித் தரப்படும் கோடீன், டிரமடால் இரண்டையும் பாலூட்டும் தாய்மார் தவிர்க்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் எச்சரித்தது. சிலரின் உடல் இவற்றை மிக வேகமாக வீரியமான வடிவுக்கு மாற்றிவிடுவதால், பால் வழியே குழந்தையின் மூச்சு பாதிக்கப்படலாம்.

வலி அடங்கினால்தான் தாய் விரைவில் எழுந்து நடப்பார். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையும் ஆபத்தும் அதனால் குறையும். நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி மீண்டும் ஏறினாலோ, காய்ச்சலோ காயத்தில் சீழோ சேர்ந்தாலோ, மாத்திரையை மாற்றிப் பார்க்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.